கோடிட்ட இடம் ஒரகடம் வந்த வழி

'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்ற வரியைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில் அது ஒரு மார்க். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை தேடும் வயதில் அதே கோடு ஆங்கிலத்தில் வரும்போது சம்பளமே அதைப் பொறுத்துத்தான். கேம்பஸ் தேர்வின் 'வெர்பல்' ரவுண்டில் 'தி மீட்டிங் ஹேஸ் பீன் புட் ___ டில் மண்டே' என்பது போல ஒரு வாக்கியம். ஆஃப், அவுட், அப், த்ரூ என்று நான்கு விடைகள். தண்டலம், பென்னலூர் பக்கத்து பொறியியல் மாணவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் இந்தக் கோடு பிறந்த ஊர் இங்கிலாந்து இல்லை. யாருடைய ஆங்கிலத்தையும் அளப்பதற்காக அது பிறக்கவும் இல்லை.

அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. காலையில் தொடர்ந்து மணிக்கணக்காக வகுப்பு நடத்தினால் பிள்ளைகள் எவ்வளவு களைத்துப்போகிறார்கள் என்பது அந்த ஊர்ப் பள்ளிகளின் கவலை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற உளவியல் அறிஞர், சொற்களும் அசைகளும் விடுபட்ட பத்திகளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். முடிவுகளை 1897இல் வெளியிட்டார். அவர் அளக்க வந்தது களைப்பை.

அடுத்த நிறுத்தம் அமெரிக்கா, 1953. வில்சன் டெய்லர் இதழியல்காரர். ஒரு செய்தி வாசகருக்குப் புரியுமா என்று பார்க்க அப்போது சூத்திரங்கள் இருந்தன. வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணி எளிது, கடினம் என்று தீர்ப்புச் சொல்லும். டெய்லர் நீளத்தையும் அசைகளையும் எண்ணவில்லை. பத்தியில் ஐந்தாவது சொல், பத்தாவது சொல், பதினைந்தாவது சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். வாசகர்கள் அந்த இடங்களைச் சரியாக நிரப்பினால் எழுத்து தெளிவு. தடுமாறினால் எழுத்தில்தான் கோளாறு. இந்த முறைக்கு 'குளோஸ்' என்று பெயர் வைத்தார். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டெய்னின் உரைநடையைச் சூத்திரங்கள் எளிது என்றன, சின்னச் சின்னச் சொற்கள் என்பதால். டெய்லரின் கோடுகளோ அது கடினம் என்று காட்டிக்கொடுத்தன. ஸ்டெய்னை வாசிக்க முயன்ற எவரும் டெய்லர் பக்கம்தான் நிற்பார்கள்.

கவனியுங்கள், டெய்லரிடம் தேர்வு எழுதியது தாள்தான், ஆள் இல்லை. அது தலைகீழானது 1970களில். ஜான் ஆலர் போன்ற மொழித்தேர்வு ஆய்வாளர்கள், பிறமொழி பேசுகிறவரின் ஆங்கிலத்தை இந்தக் கோடுகளாலேயே அளந்துவிடலாம் என்று வாதாடினார்கள். கேம்பிரிட்ஜ் தேர்வுகளுக்குள்ளும் கோடு குடியேறியது. தேர்வறைக்குள் வந்ததும் கோட்டின் குணமே மாறியது. கண்ணை மூடி வெட்டுவது போய், மாணவர் எங்கே சறுக்குவார் என்று பார்த்துப் பார்த்து வெட்டுவது வந்தது. பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே பொருள் தரும் நான்கு சொற்கள், மூன்று பொறி.

தொழில்துறைக்கான ஆங்கிலத் தேர்வு என்று கேம்பிரிட்ஜ் தொடங்கிய 'பெக்' 1993இல் முதலில் இறங்கியது சீனாவில். அங்கிருந்து பரவி, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் நன்றாகவே வேர்விட்டது. அதன் 'வேன்டேஜ்' நிலையில், வாசிப்புத் தாளின் நான்காம் பகுதி முழுக்கக் கோடிட்ட இடங்கள், மொத்தம் 15. ஐந்தாம் பகுதி இன்னும் விஷமம்: வரிக்கு வரி, தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டும். சில வரிகள் சரியாகவே இருக்கும், சந்தேகப்பட்டால் மாட்டிக்கொள்வோம். 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிடர்ன் பேக்' என்று நாம் தினமும் எழுதுவதெல்லாம் இந்த வலையில் விழுகிற மீன்கள்.

இங்கேதான் ஒரகடம் குறுக்கே வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர். கொரியர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், நம்மூர்ப் பையன்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என எல்லோருக்குமே ஆங்கிலம் இரவல் மொழி. 'வீ வில் டிஸ்கஸ் அபவுட் தி ரிஜெக்‌ஷன்' என்று ஷிஃப்ட் இன்ஜினியர் மெயில் போட்டால் கொரிய மேலாளருக்கு அந்த 'அபவுட்' கண்ணில் படுமா என்பதே சந்தேகம். எத்தனை பீஸ் ரிஜெக்ட், எந்த லைனில், ரீவொர்க் எப்போது முடியும் என்பதுதான் அவர் கேட்பது. நுணுக்கமான சொல்லறிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தமும் ஆடிட் அறிக்கையும் எழுதுகிறவருக்கு அது சோறு போடும். லைனில் நிற்கப்போகிற டிப்ளமோக்காரரையும் அதே சல்லடையில் சலிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

டெய்லரின் பழைய கோட்டுக்கு இந்தத் தொழிற்பேட்டையில் வேலை இருக்கிறது. மெஷினில் கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடச் சொல்லும் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையகத்து ஆங்கிலத்தில் எழுதியதாக இருக்கலாம், அவசரமாகத் தமிழிலோ இந்தியிலோ பெயர்த்ததாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் வெட்டி, அந்த மெஷினில் வேலை செய்கிற பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். ஜான் போர்முத் என்ற ஆய்வாளர் 1960களிலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: விடுபட்ட அதே சொல்லை 57 சதவீத இடங்களுக்கு மேல் போட்டால் அவர்கள் துணையில்லாமலே படித்துப் புரிந்துகொள்வார்கள், 44க்குக் கீழே போனால் அந்த எழுத்து அவர்களுக்கு எட்டவில்லை. எட்டாவிட்டால் திருத்தி எழுத வேண்டியவர் அறிவிப்பை எழுதியவர். விடைத்தாளில் தொழிலாளியின் பெயரோ டோக்கன் நம்பரோ கேட்க வேண்டியதே இல்லை.