புல்வெளியில் விளைந்த உருளைக்கிழங்கு

வீட்டு முற்றத்தில் பச்சைப் புல்வெளி இருப்பது பிரிட்டனில் வசதியின் அடையாளம். இரண்டாம் உலகப் போர் வந்து அதைக் கொத்த வைத்தது.

போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உணவைக் கப்பலில் இறக்குமதி செய்த நாடு அது. 1939-இல் போர் மூண்டதும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் குறிவைத்தன. "வெற்றிக்காகத் தோண்டுங்கள்" என்று அரசு மக்களை அழைத்தது. புல்லைப் புரட்டிப்போட்டு உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் பயிரிட்டார்கள். லண்டன் டவர் கோட்டையின் அகழியில்கூட காய்கறி விளைந்தது. குத்தகைக்கு விடப்பட்ட சிறு தோட்டங்கள் சுமார் 8 லட்சத்திலிருந்து 14 லட்சமாகப் பெருகின. 1940-இல் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. காய்கறிக்குப் போர் முடியும்வரை வரவேயில்லை!

1945-க்குப் பிறகு பல வீடுகளில் புல் திரும்பியது. ரேஷனோ 1954 வரை நீடித்தது. புல்வெளி கண்ணுக்கு அழகுதான். பசி வந்தால் கைகொடுப்பது அதன் அடியில் கிடக்கும் மண்தானே?