பாஸ்டன் ரெட் சாக்ஸ் பொது மேலாளர்கள்: வெற்றி யாருடையது என்னும் விவாதம்

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த தொழில்முறை பேஸ்பால் அணியாகும். 1918-இல் உலகத் தொடரை வென்ற இவ்வணி, அடுத்த வெற்றிக்கு 86 ஆண்டுகள் காத்திருந்தது. பின்னர் 2004, 2007, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் வென்றது. இவ்வெற்றிகளுக்கு உரியவர் யார் என்பது பற்றி அணியின் ரசிகர்களிடையே நெடுநாளாக விவாதம் நடந்துவருகிறது. விவாதத்தின் மையத்தில் இருப்பவர்கள் களத்தில் ஆடியவர்கள் அல்லர். அணியின் பொது மேலாளர்கள்.

பொது மேலாளரின் பணி

பேஸ்பாலில் மேலாளர் வேறு, பொது மேலாளர் வேறு. மேலாளர் ஆட்டத்தின்போது அணியை வழிநடத்துவார். பொது மேலாளர் அலுவலகத்தில் இருந்து அணியை உருவாக்குவார். பிற அணிகளுடன் வீரர்களைப் பரிமாறுவது, வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒப்பந்தம் அளிப்பது, ஆண்டுதோறும் நடக்கும் புதுவீரர் தேர்வில் இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை அவருடைய வேலைகள். புதிதாகத் தேர்வு பெறும் இளைஞர் முதன்மை அணிக்கு வந்துசேரப் பெரும்பாலும் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவரைத் தேர்ந்தவர் பதவியில் இல்லாமலும் போகலாம். விவாதத்திற்கு அடிப்படைக் காரணம் இந்தக் கால இடைவெளியே.

எடி காலின்ஸ்

1933 முதல் 1947 வரை பொறுப்பில் இருந்த எடி காலின்ஸ், தம் காலத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரராகவும் விளங்கியவர். 1936-இல் கலிஃபோர்னியாவுக்குச் சென்றபோது பாபி டோர், டெட் வில்லியம்ஸ் ஆகிய இரு இளைஞர்களைக் கண்டறிந்தார். இருவரும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர்.

அவருடைய காலத்திலேயே அணியின் வரலாற்றில் நீங்காத கறையும் படிந்தது. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்ற மூன்று கறுப்பின வீரர்களுக்கு ஃபென்வே பார்க் அரங்கில் ஒரு தேர்வு நடத்தப்பட்டது. ஒருவரும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. ராபின்சன் 1947-இல் புரூக்ளின் அணியில் ஆடி நிறத்தடையை உடைத்தார். ஜெத்ரோ 1950-இல் அதே பாஸ்டன் நகரின் மற்றோர் அணியான பிரேவ்ஸில் ஆடி, நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின வீரரான பம்ப்சி கிரீனைக் களமிறக்கியது 1959-இல்தான். பெரும் லீக் அணிகளுள் இதைக் கடைசியாகச் செய்தது அதுவே. பழி காலின்ஸுக்கா, உரிமையாளர் டாம் யாக்கிக்கா, 1945-இல் மேலாளராகவும் பின்னர் பொது மேலாளராகவும் இருந்த ஜோ குரோனினுக்கா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

லூ கோர்மன்

லூ கோர்மன் உருவாக்கிய அணி 1986-இல் உலகத் தொடர் வரை சென்று தோற்றது. ஆயினும் அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1990 ஆகஸ்டில் செய்த ஒரு பரிமாற்றம்தான். லாரி ஆண்டர்சன் என்ற மூத்த பந்தெறிபவரைப் பெறுவதற்காக, பாஸ்டனில் பிறந்த இளம் வீரர் ஜெஃப் பேக்வெல்லை ஹூஸ்டனுக்கு அனுப்பினார். ஆண்டர்சன் நன்றாகவே பந்தெறிந்தார். அணியும் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் அந்த ஆண்டு முடிந்ததும் அவர் அணியை விட்டுச் சென்றார். பேக்வெல்லோ ஹூஸ்டனில் 449 ஹோம் ரன்கள் அடித்து 2017-இல் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார்.

டூகெட்டா, எப்ஸ்டீனா?

விவாதம் மிகவும் சூடுபிடிப்பது 2004 வெற்றியைப் பற்றித்தான். டான் டூகெட் 1994-இல் பொறுப்பேற்றார். 1997-இல் ஹீத்கிளிஃப் ஸ்லோகம்ப் என்ற ஒரே பந்தெறிபவரைச் சியாட்டிலுக்குக் கொடுத்து, டெரெக் லோ, ஜேசன் வாரிடெக் ஆகிய இருவரைப் பெற்றார். அதே ஆண்டில் மான்ட்ரியலிலிருந்து பெட்ரோ மார்ட்டினெஸைக் கொண்டுவந்தார். மேனி ராமிரெஸுக்கு 8 ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்தார். டிம் வேக்ஃபீல்டு, ஜானி டேமன் ஆகியோரும் அவர் சேர்த்தவர்களே. 2002-இல் அணி கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அவரை நீக்கினர்.

அந்த ஆண்டு நவம்பரில் தியோ எப்ஸ்டீன் தம் 28-ஆம் வயதில் பொது மேலாளரானார். மினசோட்டா விடுவித்த டேவிட் ஆர்டிஸை 12.5 இலட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். கெவின் மிலர், பில் முல்லர், கர்ட் ஷில்லிங், கீத் ஃபோல்க் ஆகியோரையும் சேர்த்தார். 2004 ஜூலை இறுதியில், ரசிகர்களின் செல்லப்பிள்ளையான நோமர் கார்சியபாராவையே வெளியே அனுப்பினார்.

அந்த ஆண்டின் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்த ரெட் சாக்ஸ், அடுத்த நான்கையும் வென்றது. நான்காம் ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பில் மிலர் முதல் தளத்தை அடைந்தார். அவருக்கு மாற்றாக ஓடவந்த டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் தளத்தைத் திருடினார். முல்லர் அடித்த பந்தில் ஆட்டம் சமநிலைக்கு வந்தது. ஆர்டிஸின் ஹோம் ரன் வெற்றி தந்தது. நால்வரும் எப்ஸ்டீன் சேர்த்தவர்கள். ஏழாம் ஆட்டத்திலோ, மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க டேமன் ஒரு ஹோம் ரன் அடித்தார். பந்தெறிந்து வென்றவர் லோ. உலகத் தொடரின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானவர் ராமிரெஸ். இம்மூவரும் டூகெட்டின் தேர்வுகள்.

இரு தரப்பும் இந்த ஆட்டங்களையே சான்றாகக் காட்டுகின்றன. டூகெட் இட்ட அடித்தளம் இல்லையேல் எப்ஸ்டீன் எதன்மேல் கட்டியிருப்பார் என்கிறது ஒரு தரப்பு. அதே அடித்தளத்தோடு டூகெட்டால் ஏன் வெல்ல முடியவில்லை என்று கேட்கிறது மறுதரப்பு. எப்ஸ்டீன் பின்னர் சிகாகோ கப்ஸ் அணிக்குச் சென்று, 1908-க்குப் பின் அதன் முதல் வெற்றியை 2016-இல் பெற்றுத் தந்தது இரண்டாம் தரப்புக்கு வலுச் சேர்த்தது.

செரிங்டனும் டோம்பிராஸ்கியும்

பென் செரிங்டன் 2012 ஆகஸ்டில் 25 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஊதியச் சுமையை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு மாற்றினார். மறு ஆண்டு மைக் நாப்போலி, ஷேன் விக்டரினோ, கோஜி உஎஹாரா ஆகியோரைச் சேர்த்துக் கோப்பையை வென்றார். ஆனால் அந்த உலகத் தொடரில் இரு ஆட்டங்களை வென்ற ஜான் லெஸ்டர் 2002-இல் தேர்வானவர். அப்போது தற்காலிகப் பொறுப்பில் இருந்த மைக் போர்ட்டின் பெயர் இந்த விவாதங்களில் அரிதாகவே அடிபடுகிறது.

2014, 2015 ஆண்டுகளில் அணி தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. செரிங்டன் விலக, டேவ் டோம்பிராஸ்கி வந்தார். அவர் கிரிஸ் சேல், டேவிட் பிரைஸ், கிரெய்க் கிம்பரல், ஜே. டி. மார்ட்டினெஸ் ஆகியோரைக் கொண்டுவந்தார். 2018-இல் அணி 108 ஆட்டங்களை வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. ஆயினும் அதே அணியின் மூக்கி பெட்ஸ், சாண்டர் போகார்ட்ஸ் ஆகியோர் எப்ஸ்டீன் காலத்தில் வந்தவர்கள்; ரஃபேல் டெவர்ஸ், ஆண்ட்ரூ பெனின்டெண்டி செரிங்டன் காலத்தவர்கள். இளம் வீரர்களை விற்று இன்றைய வெற்றியை வாங்கியவர் என டோம்பிராஸ்கியைக் குறை சொல்வோரும், வெற்றிக்காகத்தானே அவரை அழைத்தார்கள் என வாதிடுவோரும் உளர். கோப்பை வென்று ஓராண்டு நிறையும் முன்பே, 2019 செப்டம்பரில், அவர் நீக்கப்பட்டார்.

பெட்ஸின் பரிமாற்றமும் அதன் பின்னும்

அடுத்து வந்த கைம் புளூம் 2020 பிப்ரவரியில் பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார். பெட்ஸ் அங்கு 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்று, அந்த ஆண்டே கோப்பையும் வென்றார். முடிவு புளூமுடையதா, செலவைக் குறைக்க விரும்பிய உரிமையாளர்களுடையதா என்ற கேள்வி, காலின்ஸ் காலத்துக் கேள்வியை ஒத்தது. ஆணையிட்டவர் வேறாக இருக்கலாம். வரலாற்றில் நிற்பது கையெழுத்திட்டவரின் பெயர்.

புளூம் 2023-இல் நீக்கப்பட்டு, கிரெய்க் பிரெஸ்லோ பொறுப்பேற்றார். புளூம் காலத்தில் தேர்வான மார்செலோ மேயர், ரோமன் ஆண்டனி ஆகியோர் 2025-இல் முதன்மை அணிக்கு வந்தனர். அந்த ஆண்டு அணி இறுதிச் சுற்றுகளுக்கும் தகுதி பெற்றது. இந்த இளைஞர்களைக் கொண்டு அணி இனி ஒரு கோப்பையை வென்றால், டூகெட்–எப்ஸ்டீன் வாதம் புளூம், பிரெஸ்லோ பெயர்களில் மீண்டும் தொடங்கும்.