முற்றத்து மரக்குடில்

பேராக் மாநிலத்தின் மேற்குக் கடற்கரையில், பங்கோர்த் தீவை நோக்கி அமைந்திருக்கும் சிற்றூர் லூமுட். மலாய் மொழியில் ‘லூமுட்’ என்பது பாசியைக் குறிக்கும். 1874ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையின் வழியே டிண்டிங்ஸ் எனப்பட்ட இவ்வட்டாரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1935இல் மீண்டும் பேராக்குடன் இணைந்தது. மஞ்சோங் மாவட்டம் என இன்று வழங்கும் இப்பகுதியில், திசம்பர்த் திங்கள் பிறந்ததும் கிறிஸ்தவத் தமிழர் இல்லங்களின் முற்றங்களில் மரச்சட்டங்களால் ஆன குடிலும், மூங்கிற் சிம்புகளால் ஆன விண்மீனும் எழுவதைக் காணலாம்.

இவ்வலங்காரம் மேல்நாட்டாரிடமிருந்து பெற்ற இரவற்பொருள் என்று கூறுவாருளர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் நன்று.

தங்குவதற்கு இடமின்றிப் பிறந்த குழந்தை, கால்நடைகளுக்குத் தீனியிடும் தொட்டியிற் கிடத்தப்பட்டது என்பது லூக்கா நற்செய்தி தரும் செய்தி. அதனைக் கண்முன் காட்ட விரும்பிய அசிசி நகர்ப் பிரான்சிஸ், 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் வைக்கோல் பரப்பி, எருதையும் கழுதையையும் நிறுத்திப் பிறப்பு விழாவைக் கொண்டாடினார். பெத்லகேமிலிருந்து எப்பொருளையும் அவர் தருவிக்கவில்லை. அவ்வூர் வைக்கோலும் அவ்வூர் மாடுமே அவருக்குப் போதுமாயின. பிற்காலத்தில் இவ்வழக்கம் பரவிய இடமெல்லாம் அவ்வவ் விடத்துப் பொருளே கருவியாயிற்று. பெத்லகேமின் கைவினைஞர் ஒலிவ மரத்திற் செதுக்கினர். செருமனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியிலோ, சுரங்கத் தொழில் நலிந்தபோது தொழிலாளர் மரக்கடைசலை நாடினர். அவர்கள் கைவண்ணத்தில் பிறந்த கிறிஸ்துமஸ் மரப்பொம்மைகள் உலகப் புகழ் எய்தின. பிழைப்பு ஒன்று சாய்ந்தபோது மரமே அம்மக்களுக்குக் கைகொடுத்தது.

தமிழகத்துக்கு இவ்வழக்கம் வந்தபோது, அதனை ஏற்கும் நிலம் இங்கே பண்பட்டிருந்தது. முற்றம் என்பது தமிழர்க்கு வீட்டின் முகம். மார்கழியில் அங்குக் கோலம் பொலிகின்றது. கிறிஸ்து பிறப்பு விழாவும் அம்மார்கழியிலேயே வருகின்றது. கதை சொல்லும் பொம்மைகளை அழகுற அடுக்கும் கொலுவும் நமக்குப் புதிதன்று. ‘குடில்’ என்னும் சொல்லோ துறவியர் உறைவிடத்தையும் எளியோர் சிறுவீட்டையும் சுட்டி வந்த நற்றமிழ்ச் சொல். மேலும், வீரமாமுனிவர் 1726இல் இயற்றி முடித்த தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். அதன் தலைவன் யார்? வளன் என அவர் பெயரிட்ட சூசை, தொழிலால் தச்சன். ஒரு தச்சனைக் காப்பியத் தலைவனாக்கி மகிழ்ந்த மொழி தமிழ். அத்தச்சன் காத்த குழந்தைக்கு மரத்தால் குடில் அமைப்பது தமிழர்க்கு எங்ஙனம் அயலாகும்?

இம்மரபைத் தமிழர் கடல் கடந்தும் கொணர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேராக்கின் வடபகுதியிலுள்ள பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர் குடியேற்றம் உருவாக முன்னின்றவர் பிரெஞ்சு நாட்டுக் குருவாகிய ரெனே ஃபே. 1896இல் மலாக்காவின் ஆயரானவரும் இவரே. அவ்வூர்த் தேவாலயம் சூசையப்பர் பெயரையே தாங்கி நிற்கின்றது. லூமுட்டுக்கு அண்மையிலுள்ள சித்தியவானில் 1903ஆம் ஆண்டு, செருமானியரான லூரிங் போதகரின் முயற்சியால் சீன மெதடிஸ்துகள் குடியேறினர். ஆகவே இவ்வட்டாரத்தில் கிறிஸ்து பிறப்பு விழா ஒரே இனத்தாரின் விழாவாக இருந்ததில்லை.

1877இல் கோலாகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின. தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோர்க்கு வீடும் சொந்தமன்று, முற்றமும் சொந்தமன்று. எனினும் கையும் கத்தியும் அவர்களுடையவை. மூங்கிலைப் பிளந்து ஐம்முனை விண்மீன் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைப்பர். பெட்டிப் பலகையையும் பால்மரக் கிளையையும் அறுத்துச் சட்டம் அடித்து, லாலாங் புல்லாலோ அத்தாப்பாலோ கூரை வேய்வர். பால்மரக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. ஆதலின் பதப்படுத்தாவிடில் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், வண்டு துளைத்துப் பொடியாக்கும். சென்ற ஆண்டின் குடில் இவ்வாண்டுக்கு உதவாது. தந்தை மீண்டும் அறுக்க, மகன் மீண்டும் சட்டம் பிடிக்க வேண்டும். மரத்தின் குறையே கைத்தொழில் தலைமுறை கடக்கத் துணையாயிற்று எனலாம்.

பின்னர்க் காலம் மாறிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் நின்ற இடங்களைச் செம்பனை கவர்ந்தது. மக்கள் நகர்ப்புறத்து வரிசை வீடுகளுக்குப் பெயர்ந்தனர். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்தபின் விறகாகவே எரிந்துவந்த இரப்பர் மரம், போரான் உப்புகளால் பதப்படுத்தும் முறை பரவியதும், 1980ஆம் ஆண்டுகளில் தளவாடமாக உலகச் சந்தைக்குப் புறப்பட்டது. வண்டு துளைக்கா வலிமை அம்மரத்துக்கு வந்த அக்காலத்தில், அதனை அறுத்துக் குடில் சமைத்த கைகள் ஓயத் தொடங்கியது விந்தையே. முற்றம் குறுகிற்று, கடையில் வாங்கிய நெகிழி விண்மீன் தொங்கலாயிற்று.

நெகிழியும் ஒளி தருவது உண்மையே. ஆனால் அது தந்தையையும் மகனையும் ஓரிடத்தில் அமர்த்துவதில்லை. அண்டை வீட்டாரிடம் சுத்தியல் இரவல் கேட்கச் செய்வதில்லை. இழப்பு பொருளில் இல்லை. பொருளைச் சமைக்கும் உறவில் உள்ளது.

ஆகவே, குடில் இரவற்பொருள் என்னும் கூற்று பொருந்தாது. கிரேச்சோவின் வைக்கோல் எங்ஙனம் கிரேச்சோவுக்கு உரியதோ, அங்ஙனமே பால்மரச் சட்டமும் லாலாங் கூரையும் பேராக் தமிழர்க்கு உரியவை. பள்ளிக் கைவினை வேளையில் மாணாக்கர் கையில் நான்கு மரச்சட்டங்களையும் ஒரு பிடி ஆணியையும் ஆசிரியர் கொடுப்பாராயின், அம்மரபு மீண்டும் தளிர்க்கும். எச்சமயத்துப் பிள்ளையாயினும் அவன் அடிப்பது ஏழைக் குழந்தை ஒன்றுக்கான கூரையே. அதனைக் கற்பது எவர்க்கும் தகும்.