நிர்வாக அமைப்பு வரைபடம்

ஒரு நிறுவனத்திலோ அரசுத் துறையிலோ உள்ள பதவிகளையும், அவற்றில் எது எதற்குக் கட்டுப்பட்டது என்பதையும் கட்டங்களாலும் கோடுகளாலும் காட்டும் படம் நிர்வாக அமைப்பு வரைபடம் எனப்படும்.

வரலாறு

பொறுப்புகளைப் பகுத்து எழுதிவைக்கும் வழக்கம் இத்தகைய படங்களுக்கு மிக முற்பட்டது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊரின் 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேரும் தோட்ட வாரியத்துக்கு 12 பேரும் ஏரி வாரியத்துக்கு 6 பேருமாக அமர்த்தும் விதிகளைக் கூறுகின்றன. குடும்பு என்பது ஊரின் உட்பிரிவையும், வாரியம் என்பது குறித்த பணிக்கான குழுவையும் குறிக்கும்.

படமாக வரையப்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டு, 1855இல் அமெரிக்காவின் நியூயார்க் ஈரி ரயில் நிறுவனத்துக்காக டேனியல் மெக்காலம் உருவாக்கியதாகும். மரவடிவில் அமைந்த அதில் தலைவரும் இயக்குநர்களும் உச்சியில் அல்லாமல் அடியில் இடம்பெற்றனர்.

வகைகள்

அதிகாரம் மேலிருந்து கீழாக ஒரே வழியில் இறங்குவது படிநிலை வரைபடம். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியர், வண்டலூர் வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் வழியாக ஊரப்பாக்கம் கிராம நிர்வாக அலுவலர் வரை நீளும் வருவாய்த் துறைத் தொடர் இவ்வகையைச் சேரும். இத்தொடரின் கடைசிப் பதவி, பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபின் அவற்றுக்கு மாற்றாக ஏற்பட்டது. 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது தொடரின் உச்சியும் காஞ்சிபுரத்திலிருந்து மாறியது.

பணியின் தன்மைக்கேற்பப் பிரிவுகளைப் பக்கம்பக்கமாகக் காட்டுவது செயற்பிரிவு வரைபடம். உத்திரமேரூர் வாரியங்களைப் படமாக்கினால் இவ்வடிவமே கிடைக்கும். ஒருவரே இரு தலைமைகளுக்குப் பதில் சொல்லும் அமைப்பைக் காட்டுவது அணி வரைபடம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர் என்பதால், புயற்காலத்தில் மாமல்லபுரக் கடற்கரையில் பணிபுரியும் பல துறை அலுவலர்கள் தத்தம் துறைத் தலைமைக்கும் ஆட்சியருக்கும் ஒருசேரப் பொறுப்பாகின்றனர். இடைநிலைப் பதவிகள் குறைந்தது தட்டை வரைபடம். இது சிறு நிறுவனங்களுக்கு ஏற்றது.

எவ்வகையானாலும் வரைபடம் அதிகாரத்தின் வழியைக் காட்டுமேயன்றி, பணியின் தரத்தைக் காட்டாது. இந்தியாவில் ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அமைப்பு, பணிகள், அலுவலர்களின் அதிகாரங்கள் ஆகியவற்றைத் தானாகவே வெளியிட வேண்டும் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 விதிக்கிறது.