ஸ்ரீரங்கத்து எஞ்சினியரும் சேரியின் வாக்குப்பெட்டியும்

கம்ப்யூட்டர், சிலிக்கன் சில்லு, இன்டர்நெட் பற்றியெல்லாம் தமிழில் முதலில் யாரிடம் படித்தீர்கள்? நாற்பது வயதைத் தாண்டிய பட்டதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும். சுஜாதா என்கிற எஸ். ரங்கராஜன்.

நம் வாசிப்பு வட்டங்களில் அவர் பெயரை எடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வரும். ஒரு சாரார் 'வாத்தியார்' என்று கொண்டாடுவார்கள். இன்னொரு சாரார் 'அக்ரகாரத்து எழுத்தாளர், நமக்கென்ன' என்று ஒதுக்குவார்கள். இரண்டு பதிலிலும் வரலாறு இல்லை. ஒரு கருவியைப் பற்றிக் கருத்துச் சொல்லவும், அதை வடிவமைக்கவும், 'இது நல்லது, இது கெட்டது' என்று தீர்ப்புச் சொல்லவும் ஒருவருக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் யாருக்கு, எப்படிக் கிடைத்தது? கிடைத்தவர் அங்கிருந்து என்ன செய்தார்? அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாமல் போனது என்ன? சுஜாதாவை முன்வைத்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

வீதியும் கல்லூரியும்

1935 மே 3 அன்று சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்த ரங்கராஜன், வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டியின் வீட்டில். ஸ்ரீரங்கம் ஒரு சாதாரண ஊர் அல்ல. கோயிலின் மதில்களுக்கு உள்ளேயே உத்தர வீதியும் சித்திரை வீதியும் இருக்கின்றன. கோயிலுக்கு எவ்வளவு அருகில் குடியிருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் அமைப்பு அது. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் வரும் உலகம் இந்த வீதிகள்தான். கணையாழியில் கடைசிப் பக்கம் எழுதியபோது அவர் வைத்துக்கொண்ட பெயர்கூட 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' தன் ஊரையும் தன் சமூகத்தையும் அவர் ஒளித்தவர் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் பள்ளி, காவிரியைத் தாண்டித் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல், பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். அப்துல் கலாமும் அதே வளனார் கல்லூரியில் படித்து, அதே காலத்தில் எம்.ஐ.டி.க்குப் போனவர். தன்னுடைய எம்.ஐ.டி. கட்டணத்துக்கு அக்கா ஜோஹ்ரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததைக் கலாம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுக்கு அடகு வைக்க நகையாவது இருந்தது. அன்றைய சேரியில் அடகு வைக்க என்ன இருந்தது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தில் கல்லூரி இடம் யாருக்கு என்ற பெரிய வழக்கு நடந்தது. வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் 14 பங்காகப் பிரிக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரி இடத்தை முன்வைத்தும், சி.ஆர். சீனிவாசன் பொறியியல் கல்லூரி இடத்தை முன்வைத்தும் வழக்குப் போட்டார்கள். 1950இல் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆணையைச் செல்லாது என்றன. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு, அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது.

ரங்கராஜன் யாருடைய இடத்தையும் பறித்துக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் படித்துத் தேறியவர். ஆனால் அந்தத் தலைமுறையில் எஞ்சினியர் ஆவதற்கான ஏணி எந்த வீதியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் அவர் திறமையை மட்டும் பேசினால் அது பாதி வரலாறு. சென்னை ஐ.ஐ.டி.யை ஆய்வு செய்து மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல், பரம்பரையாகக் கிடைத்த வசதி எப்படித் 'தகுதி' என்ற பெயரில் சாதியற்றதாகக் காட்டப்படுகிறது என்பதை விரிவாகப் பேசுகிறது. சமூகவியல் படிக்கும் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

ஆங்கிலச் சுவரில் ஒரு கதவு

அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையையும் கொடுத்துவிடுவோம். கம்ப்யூட்டர் என்றால் ஆங்கிலம் என்று இருந்த காலத்தில், அதைத் தமிழில் எழுத முடியும் என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 'சிலிக்கன் சில்லுப் புரட்சி', ஜூனியர் விகடனில் வாசகர் கேள்விகளுக்குப் பதிலாக வந்த 'ஏன்? எதற்கு? எப்படி?', மூளை பற்றிய 'தலைமைச் செயலகம்', ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' என்று தொடர்ந்து எழுதினார். அரசாங்கம் எல்லாரையும் கண்காணிக்கிற, குழந்தை பெறவும் அனுமதி கேட்க வேண்டிய ஒரு நாட்டை 'என் இனிய இயந்திரா'வில் கற்பனை செய்தார். ஆதார் காலத்தில் அதைத் திரும்பப் படிப்பவர்களுக்கு அது வெறும் வேடிக்கைக் கதையாகத் தெரியாது.

இந்த எழுத்து யாருக்குப் பயன்பட்டது? வீட்டில் எஞ்சினியர் மாமாவும் அமெரிக்கா சித்தப்பாவும் இருக்கிற பிள்ளைக்குக் கணிப்பொறி பற்றிச் சொல்ல வீட்டிலேயே ஆள் உண்டு. தமிழ்வழியில் படித்த முதல் தலைமுறை மாணவனுக்குத்தான் யாரும் இல்லை. அவனுக்குக் கிளை நூலகமும், சலூனிலும் டீக்கடையிலும் கிடந்த வார இதழும்தான் இருந்தன. அந்த டீக்கடைகளில் சிலவற்றில் இரட்டைக் குவளையும் இருந்தது. உத்தர வீதியை மனதில் வைத்து அவர் எழுதியிருக்கலாம். ஆனால் அச்சான எழுத்து எழுதியவரின் வீதியோடு நின்றுவிடுவதில்லை. இதை ஒப்புக்கொள்வதால் நமக்கு எந்தக் குறைவும் இல்லை.

அவர் செய்த இயந்திரம்

எழுத்தைவிட நம் வாழ்க்கையை நேராகத் தொட்டது அவருடைய அலுவலக வேலை. திருச்சியில் 'பெல்' என்றால் பி.எச்.இ.எல்.தான் நினைவுக்கு வரும். இது வேறு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அவர் பணியாற்றியபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் முக்கியப் பங்கு வகித்தார்.

இயந்திரம் முதலில் பயன்பட்டது 1982இல், கேரளத்தின் பரூர் சட்டமன்றத் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாது என்றது. பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்க்கப்பட்டு 1989இல் நடைமுறைக்கு வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரம்தான்.

சேரி மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது? வாக்குச்சீட்டுக் காலத்தில் சாவடியைப் பிடித்த ஆதிக்கச் சாதிக் கும்பல், கட்டுக் கட்டாகச் சீட்டு எடுத்துச் சில நிமிடங்களில் முத்திரை குத்திப் பெட்டியில் போட்டுவிட முடியும். இயந்திரம் நிமிடத்துக்கு 5 வாக்குக்கு மேல் வாங்காது. கலவரம் என்றால் சாவடி அலுவலர் ஒரு பொத்தானை அழுத்தி வாக்குப்பதிவை முடித்துவிடலாம். இந்தச் சிறிய வேகத்தடை பல இடங்களில் எங்கள் பாட்டி தாத்தாக்களின் வாக்கைக் காப்பாற்றியிருக்கும்.

ஆனால் இயந்திரம் எங்கே போகவில்லை என்பதையும் பாருங்கள். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996இல் பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் முதலில் வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த முயற்சியில் வாக்குப்பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு காவல் பாதுகாப்போடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் ஒழுங்கான தேர்தல் நடக்க 2006 வரை ஆனது. வேட்புமனு போடவே விடாத ஊரில் எந்த இயந்திரமும் ஒன்றும் செய்ய முடியாது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இயந்திரம் வந்து பல ஆண்டுகள் கழித்தும், 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில்தான் நடந்தது. வாக்குப்பெட்டியை நேருக்கு நேர் தூக்கிக்கொண்டு போகிற தேர்தலுக்கு இயந்திரம் கடைசிவரை வரவில்லை.

கலக்காமல் எண்ணும்போது

இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பிறகு எண்ணுகிற முறை இருந்தது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியக்கூடாது என்பதற்காக. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் கணக்கும் தனித்தனியாக வருகிறது. படிவம் 20 என்ற பெயரில் இணையத்திலும் வெளியாகிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கிற நாட்டில், சேரிக்குப் பக்கத்துச் சாவடி என்றால் அது சேரியின் சாவடிதான். அந்த மக்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்று மறுநாள் காலையில் ஊருக்கே தெரியும். தண்ணீர்க் குழாயும் நூறு நாள் வேலையும் யார் கையில் இருக்கின்றன என்பதும் தெரியும். ரகசிய வாக்கு என்பது தனிமனிதருக்கு மட்டும் ரகசியம். சேரிக்கு அல்ல.

இதற்குத் தீர்வும் எஞ்சினியர்களிடமே இருக்கிறது. பல இயந்திரங்களை இணைத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவி தயாரிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தத் தேர்தல் ஆணையம் 2008இல் மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் ஆதரித்தது. நடைமுறைக்கு வரவில்லை.

இயந்திரத்தில் தில்லுமுல்லு நடக்குமா என்ற விவாதம் தினமும் தொலைக்காட்சியில் நடக்கிறது. அந்தக் கேள்வியும் வேண்டியதுதான். சாவடிவாரிக் கணக்கைச் சரிபார்க்க முடிவது அந்த வகையில் ஒரு பாதுகாப்பு என்பதும் உண்மை. ஆனால் 'எண்ணிக்கை வெளியானால் சேரிக்கு என்ன ஆகும்' என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் இடமே இல்லை. கெட்ட எண்ணத்தால்தான் இப்படி ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. வடிவமைக்கும் மேசையில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் வாழ்க்கையில் வந்ததில்லை. வராத பயத்துக்கு யாரும் பொத்தான் வைப்பதில்லை.

மேசையில் யார்?

மேசை பெங்களூரிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போனாலும் கதை பெரிதாக மாறவில்லை. 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று, தலித் எஞ்சினியர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொல்லி சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அரசுத் தரப்பே கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கைக் கைவிடவில்லை. அதே 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. சிலிக்கன் சில்லோடு சாதியும் விமானம் ஏறியது என்பதை அந்தக் கால அறிவியல் கட்டுரைகள் எதுவும் நமக்குச் சொல்லவில்லை.

மேசைக்கு நம்மவர் வந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர், திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கிப் பேசப்பட்டவர். பிறகு எல்காட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் பதிலாகக் கட்டற்ற லினக்ஸை அரசுக் கணினிகளுக்குக் கொண்டுவர முயன்றார். மென்பொருள் பற்றிக் கருத்து வைத்திருந்தார், அதைச் செயல்படுத்தும் அதிகாரமும் வைத்திருந்தார். 2010 ஜூலையில் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சொல்லப்பட்ட காரணம் அவருடைய சாதிச் சான்றிதழ். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு அந்த நடவடிக்கை ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பிற்காலச் செயல்பாடுகள் பற்றி நமக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் லினக்ஸா விண்டோஸா என்று முடிவெடுத்த ஓர் அதிகாரி தன் சாதியை நிரூபிக்க நிறுத்தப்பட்டார் என்பது மறக்கக்கூடாத செய்தி.

நமக்கு இருக்கும் மரபு

கருவி பற்றிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அன்றைய புதிய தொழில்நுட்பமான அச்சை, கையில் காசில்லாத ஒரு சமூகம் வசப்படுத்திய வரலாறு அது. அவர்கள் அச்சு இயந்திரத்தை வியந்து எழுதிக்கொண்டிருக்கவில்லை. தங்கள் செய்தியை அதில் ஏற்றினார்கள்.

இன்று திருச்சி நவல்பட்டு ஐ.டி. பூங்காவுக்கு நம் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிதான் பலர் வீட்டில் முதல் கணினி. அந்தத் திட்டத்தைத் தொடங்கிய முதலமைச்சர் ஜெயலலிதா அப்போது ஸ்ரீரங்கம் தொகுதியின் உறுப்பினர் என்பது சின்னத் தகவல்தான். மதிலுக்கு உள்ளே இருந்த ஏணி கொஞ்சமாவது வெளியே வந்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, சுஜாதாவைப் படியுங்கள். அவரிடமிருந்து எளிய தமிழில் விளக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் கேட்காத கேள்வியை நீங்கள் கேளுங்கள். உங்கள் தொகுதியின் படிவம் 20ஐ இறக்கி, உங்கள் சேரிச் சாவடியின் எண்கள் எவ்வளவு வெட்டவெளிச்சமாக இருக்கின்றன என்று பாருங்கள். கணினி படித்த தோழர்கள் டோட்டலைசர் என்றால் என்ன என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். உங்கள் ஊர் அம்மாக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். அடுத்த தேர்தலுக்கு முன் அது துண்டறிக்கையாக வர வேண்டும்.