பொந்துக்கு இந்தப் பக்கம்

வங்கியில் கேஷியர் உட்காரும் இடத்தை எங்க ஆயா ‘கூண்டு’ என்றுதான் சொல்லும். கம்பிவலை, அதன் நடுவில் கை மட்டும் நுழைகிற அரைவட்ட ஓட்டை. அது ‘பொந்து’. “பொந்துல கைய உட்டு வாங்குடா, கடிக்காது” என்று சின்ன வயதில் என்னைத் தள்ளிவிடும்.

எம்.ஏ.வில் சன்னலுக்கு எத்தனை சொல் படித்தோம். காலதர், சாளரம், பலகணி. சன்னல் என்பதே போர்த்துக்கீசியரிடம் வாங்கியது. எல்லாம் உள்ளே இருப்பவருக்குக் காற்றும் வெளிச்சமும் வருகிற வழி. வெளியே நின்று கை நீட்டுகிறவள் வைத்த பெயர் அதில் ஒன்றுகூட இல்லை. ‘கவுண்டர்’ ஆங்கிலத்தில் காசு எண்ணும் மேசையாக இருந்தது. எங்க தென்னாற்காட்டுப் பக்கம் அது ஆண்டையின் பட்டமும்கூட. “கவுண்டர்ல போயிக் கேளு” என்றால், “எந்தக் கவுண்டருடா?” என்று ஆயா கேட்கும்.

அரசு அலுவலகத்துக்குள் போகிற உரிமையே நமக்குச் சும்மா வந்ததில்லை. பொதுச்சாலை, கிணறு, குளம், பொது அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாரும் நுழையலாம் என்று 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தண்டிக்கச் சட்டம் வந்தது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அதற்கப்புறம்தான் கறவைமாட்டுக் கடன் என்று சேரிச் சனங்கள் வங்கிப்படி ஏறினார்கள்.

கூண்டு வைத்தது திருடனுக்குப் பயந்து. அது யாருடைய சாதியையும் கேட்காது. ரயில் டிக்கெட் பொந்தில் ஆண்டையும் குனிந்தான், ஆயாவும் குனிந்தது. டீக்கடையில் கம்பியே கிடையாது, தனிக்குவளை மட்டும் இருந்தது.

ஆனால் கடன் வாங்கப்போன அன்றைக்கு நான் பார்த்தேன். முன்னால் நின்றவர்களுக்குப் பொந்து வழியாகக் கையில் கொடுத்த கேஷியர், ஆயாவுக்கு மட்டும் பணத்தைப் பலகைமேல் வைத்துத் தள்ளினார். ஆயா எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டது. வெளியே வந்து சொன்னது: “கூண்டுக்குள்ளயும் ஊருதாண்டா உக்காந்திருக்கு.”

இப்போது பல இடங்களில் கம்பி போய்க் கண்ணாடி வந்துவிட்டது. அடியில் பணம் தள்ள ஒரு பள்ளம். அதில் எல்லாருக்கும் தள்ளித்தான் தருகிறார்கள். யாருக்கு எதற்காகத் தள்ளுகிறார்கள் என்று இனி கண்டுபிடிக்க முடியாது.

கலைச்சொல் அகராதி போடுகிறவர்கள் இதற்கெல்லாம் ‘முகப்பு’ என்று எழுதிவிட்டுப் போகலாம். தோழர்களே, உங்கள் சேரியில் பெரியவர்கள் இவற்றுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களில்தான் நாம் எங்கே நிறுத்தப்பட்டோம் என்பது இருக்கிறது.