ரத்தநாள அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு: எங்கே, எப்படிக் கேட்பது?

சர்க்கரை நோயாளிக்குக் கால்விரல் கறுத்தாலோ, படுத்திருக்கும்போதும் கால் வலித்தாலோ ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். விரலை எடுக்கச் சம்மதிக்கும் முன் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்; அடைப்பை நீக்கினால் சிலருக்குக் காலைக் காப்பாற்றிவிடலாம். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வன்னியம்பட்டி சுற்றுவட்டாரத்தினர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. தனியார் என்றால், "காப்பீட்டு அட்டை எடுப்பீர்களா?" என்பது மட்டும் போதாது. அங்கீகாரம் துறைவாரியாகத்தான். இதயத்துக்கு எடுக்கும் மருத்துவமனை காலுக்கு எடுக்காமல் போகலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் துறையின் பெயரைச் சொல்லியே விசாரியுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கே இந்த அட்டை. அறுவை சிகிச்சைக்கு முன்அனுமதி வாங்க வேண்டியது மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு.